விண்மீன் தெரியும் கூரை

மும்பையில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தை விட்டுப் புறப்படும் உள்ளூர் வண்டி முதன்முதலாக நிற்கும் நிலையத்திற்கு மஸ்ஜித் என்று பெயர். நாள்தோறும் அவ்வழியே அலுவலகம் செல்லும் நம் அன்பர்கள் பலர், அருகிலுள்ள ஏதோ ஒரு பள்ளிவாசலால் அப்பெயர் வந்ததென்றே எண்ணியிருப்பர். முஸ்லிம்களின் பள்ளிவாசலால் அன்று, யூதர்களின் தொழுகைக் கூடம் ஒன்றால் வந்த பெயர் அது என்பர் ஊர் வரலாறு அறிந்தோர். நிலையத்திற்கு அண்மையில் உள்ள சாமுவேல் தெருவில் ‘இரக்கத்தின் வாயில்’ என்னும் பொருள்படும் பெயருடன் அக்கூடம் இன்றும் இருக்கிறது. அதனை 1796-இல் நிறுவியவர் சாமுவேல் எசக்கியேல் திவேகர் என்னும் படை அதிகாரி. அண்டை அயலார் அதனையும் மசூதி என்றே வழங்கினர். அவ்வழக்கு நிலையத்தின் பெயர்ப்பலகையில் ஏறி நிலைத்துவிட்டது.

இக்கூடத்தைக் கட்டியவர்கள் பெனே இஸ்ரேல் என்னும் யூத மரபினர். கப்பல் உடைந்து அலிபாகை அடுத்த நவ்காவ் கரையில் ஒதுங்கிய ஒரு சிலரின் வழிவந்தவர்கள் தாங்கள் என்பது அவர்கள் போற்றும் மரபுச் செய்தி. கொங்கணச் சிற்றூர்களில் எண்ணெய்ச் செக்கு ஆட்டிப் பிழைத்தனர். சனிக்கிழமையில் மட்டும் செக்கு ஓடாது. அதனால் ‘சனிக்கிழமை எண்ணெய்க்காரர்’ என்றே அவர்களுக்குப் பெயர் வந்தது. பின்னர் மும்பைக்குக் குடியேறிப் படையிலும் தபால் துறையிலும் இரயில்வேயிலும் பணி புரிந்தனர். வீட்டில் மராத்தி பேசுவர். இஸ்ரேல் நாடு 1948-இல் தோன்றிய பின்னர்ப் பெரும்பாலோர் அங்குச் சென்று குடியேறினர். அந்நாளில் இந்தியாவில் இருபதாயிரத்துக்கு மேல் இருந்த யூதர் தொகை இன்று ஐந்தாயிரம் அளவில் நிற்கிறது. எஞ்சியோரில் மிகப் பலர் மும்பையிலும் தாணேயிலும் உள்ளனர்.

தாணே நம் இரயில்வேக்குப் பெருமை தரும் ஊர். 1853 ஏப்ரல் 16-ஆம் நாள் நாட்டின் முதல் பயணிகள் வண்டி ஓடியது போரிபந்தரிலிருந்து அந்த ஊருக்குத்தான். அங்கே 1879-இல் எழுந்த ‘விண்ணக வாயில்’ என்னும் தொழுகைக் கூடம் இருக்கிறது. சென்ற ஆண்டு மழைக்காலம் ஓய்ந்த நாட்களில், என்னுடன் பணிபுரியும் நண்பர் ஒருவர், அம்மரபினரான முதியவர் ஒருவரை எனக்கு அறிமுகம் செய்வித்தார். அவர் முன்பு இரயில்வேயிலேயே கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மும்பை வழக்கப்படி நானும் அவரை ‘காகா’ என்றே அழைத்தேன். அவர் வாயிலாக அவர்தம் பந்தல் திருவிழாவைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. கண்டதையும், அவர் சொல்லக் கேட்டதையும், பின்னர்ப் படித்தறிந்ததையும் நம் சங்கத்து அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

பந்தலின் இலக்கணம்

இத்திருவிழாவிற்கு எபிரேய மொழியில் சுக்கோத் என்று பெயர். சுக்கா என்பது ஒருமை. குடில் அல்லது பந்தல் என்பது பொருள். தமிழ் வேதாகமம் இதனைக் கூடாரப்பண்டிகை என்று குறிக்கும். ஆயின் கூடாரம் என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றும் துணிக் கூரைக்கும் இதற்கும் தொடர்பில்லை. நம்மூர்க் கலியாண வீட்டு வாசலில் மூங்கிலும் ஓலையும் கொண்டு எழுப்புவோமே, அதற்கே இது நெருங்கிய உறவு.

யூதர்களின் திஷ்ரி மாதம் பதினைந்தாம் நாள், முழுநிலா இரவில், விழா தொடங்கும். நம் கணக்கில் அது செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ வரும். பாவங்களுக்காக உண்ணாநோன்பு இருக்கும் பெருநாள் முடிந்து ஐந்தாவது நாள் இது. நோன்பு முடிந்த இரவே பந்தலுக்கு முதல் கழியை நடுவது பலருடைய வழக்கம். ஒரு நற்செயல் முடிந்த கையோடு அடுத்த நற்செயலைத் தொடங்கிவிட வேண்டும் என்பது கருத்து.

ஏழு நாட்கள் குடில்களில் வாழவேண்டும் என்று மோசேயின் மூன்றாம் ஆகமமாகிய லேவியராகமம் விதிக்கிறது. எகிப்து நாட்டு அடிமைத்தனத்திலிருந்து மீட்டுக் கொணர்ந்தபோது முன்னோரைக் குடில்களில் வாழச் செய்ததைப் பின்வரும் தலைமுறைகள் அறியவேண்டும் என்று அதற்குக் காரணமும் கூறுகிறது. அறுவடை செய்து தானியமும் திராட்சையும் வீடு வந்து சேர்ந்த பருவம் அது. களஞ்சியம் நிறைந்திருக்கும் வேளையில், கட்டிய வீட்டை விட்டு வெளியே வந்து ஓலையின் கீழ் உட்காரச் சொல்கிறது விதி. நல்ல நாளில் அல்லல் நாளை நினைக்கவே இது என்று விளக்கினார் பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பேரறிஞர் மைமோனிடிஸ்.

பண்டைக் காலத்து ஆசான்கள் இப்பந்தலுக்கு வகுத்த இலக்கணம் நுட்பமானது. உயரம் பத்துக் கையகலத்திற்குக் குறையவும் கூடாது, இருபது முழத்திற்கு மிகவும் கூடாது. அதற்கு மேல் உயர்ந்தால் அமர்ந்திருப்பவன் கண்ணுக்குக் கூரை படாது. தான் குடிலில் இருக்கும் உணர்வே இராது. இருபது முழத்திற்கு மேல் எழுப்ப உறுதியான கட்டடமே வேண்டும், விதி கேட்பதோ தற்காலிக இருப்பிடம் என்று மற்றொரு காரணமும் சொல்வர். சுவர்களுக்கு அவ்வளவு கட்டுப்பாடு இல்லை. மரப்பலகை, துணி, செங்கல் எதுவாயினும் தகும். இரண்டு சுவர் முழுமையாகவும் மூன்றாவது ஒரு கையகலமும் இருந்தால் போதும் என்பது குறைந்த அளவு. கட்டிவைத்த யானையையே ஒரு சுவராகக் கொள்ளலாமா என்று கூட தல்மூத் நூலில் வாதம் நிகழ்ந்திருக்கிறது! கொள்ளலாம், அது இறந்து விழுந்தாலும் உடலின் உயரம் பத்துக் கையகலத்திற்கு மேல் இருக்குமே என்று விடையும் இறுத்திருக்கிறார்கள்.

கட்டுப்பாடெல்லாம் கூரைக்கே. அது மண்ணில் விளைந்த பொருளாக இருத்தல் வேண்டும். மண்ணிலிருந்து வெட்டப்பட்டும் இருத்தல் வேண்டும். உண்ணும் பொருளோ, புழங்கும் பாத்திரமோ, தகரமோ உதவா. படுப்பதற்கென்று முடைந்த பாய் ஆகாது. நிழலுக்கென்றே முடைந்தது ஆகும். மரத்தின் கீழ்ப் பந்தல் கட்டினால் செல்லாது. வீட்டு மாடத்தின் கீழும் செல்லாது. பந்தலின் மேல் கொடியைப் படரவிட்டு, பின்னர் வேரை மட்டும் அறுத்துவிட்டால் போதுமா என்றால், போதாது. அறுத்த கொடியை எடுத்து மீண்டும் வைக்கவேண்டும். தானாய் அமைந்த நிழல் கணக்கில் சேராது. கையால் ஆக்கியதாக இருக்கவேண்டும்.

வெயிலைக் காட்டிலும் நிழல் மிகுந்திருக்கவேண்டும். ஆயினும் இரவில் விண்மீன் தெரியும் அளவுக்கு இடைவெளி இருத்தல் சிறப்பு. பெருமழை பெய்தால் உள்ளே நீர் இறங்கவேண்டும். இறங்காதபடி அடைத்துவிட்டால் அது வீடாகிவிடும். நம் வீட்டுக் கூரை ஒழுகினால் அது குற்றம். இவர்தம் பந்தல் ஒழுகாவிட்டால் அதுவே குற்றம்!

தாணேயில் கூடத்தை ஒட்டிய முற்றத்தில் மூங்கில் நட்டுத் தென்னங் கீற்றுப் பரப்பியிருந்தனர். கீற்றின் அடியில் வாழை, ஆப்பிள், மாதுளை, சாத்துக்குடி முதலியவற்றை நூலில் கோத்துத் தொங்கவிட்டிருந்தனர். சிறுவன் ஒருவன் எட்டிப் பறிக்கக் கை நீட்டினான். காகா அவன் கையை மெல்ல விலக்கினார். பந்தலுக்கு அணியாகிவிட்ட கனியை விழா முடியும் வரை உண்ணலாகாது என்பது விதியாம். சிறுவன் என்னை நோக்கி உதட்டைப் பிதுக்கினான். எல்லாச் சமயத்துக் குழந்தைகளும் படையலின் எதிரே இப்படித்தான் நிற்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

சக்கரத்தின் மேலும் கப்பலின் மேலும்

ஏழு நாளும் உணவை அக்குடிலிலேயே உண்ணவேண்டும்; இயன்றவர் உறங்கவும் வேண்டும். பழமும் நீரும் மட்டும் வெளியே கொள்ளலாம். நோயாளிக்கும் அவருக்குத் துணையிருப்போர்க்கும் விலக்கு உண்டு. பெண்களுக்கும் பால்மணம் மாறாத குழந்தைகளுக்கும் கடமையில்லை. எனினும் சம்மாய் என்னும் பழைய ஆசான், திருவிழா நாளில் தம் மருமகள் மகப்பேறு அடைந்ததும், அவள் படுத்திருந்த அறையின் மேற்கூரைப் பூச்சை உடைத்துத் திறந்து, பிறந்த குழந்தைக்காகக் கட்டிலின் மேல் தழை பரப்பினாராம். பாட்டனாரின் ஆர்வத்தை மருமகள் எப்படிப் பொறுத்தாளோ, நூலில் அது எழுதப்படவில்லை.

மழை வந்தால் என்ன செய்வது? கிண்ணத்துக் கூழ் கெடும் அளவுக்குப் பெய்தால் எழுந்து வீட்டுக்குள் போய்விடலாம். ஆயினும் அம்மழையை அவர்கள் மகிழ்ச்சியோடு கொள்வதில்லை. தலைவனுக்குப் பானம் ஊற்ற வந்த ஊழியனின் முகத்திலே தலைவன் அக்குடத்து நீரை வீசிவிட்டதற்கு அதனை ஒப்பிடுவர்.

இரயில்வேக்காரனாகிய எனக்கு மிகவும் சுவையாகத் தோன்றியவை வேறு இரண்டு விதிகள். பகலில் பயணம் செய்வோருக்குப் பகலில் விலக்கு, இரவில் கடமை. இரவில் பயணம் செய்வோருக்கு இரவில் விலக்கு, பகலில் கடமை. இரவு வண்டியில் செல்லும் கார்டையும் டிரைவரையும் எண்ணியே எழுதியது போல் இல்லையா? மற்றொன்று, வண்டியின் மேலோ கப்பலின் மேலோ கட்டிய பந்தலும் செல்லும் என்பது. உருண்டு ஓடும் சக்கரத்தின் மேல் இருப்பினும் அது இருப்பிடமே. அக்கிவா என்னும் பேராசான் ஒருமுறை கப்பலில் குடில் அமைத்தாராம். மறுநாள் கடற்காற்று அதனைப் பெயர்த்துச் சென்றது. உடன் வந்த கமாலியேல் அவரைப் பார்த்து, ‘உமது குடில் எங்கே?’ என்று கேட்டாராம்.

குடில் இரவலாயினும் தகும். பிறர் பந்தலில் அமர்ந்து உண்டாலும் கடமை நிறைவேறும். அனைவரும் ஒரே குடிலில் அமரவும் தகுதியுண்டு என்பது ஆசான்களின் தீர்ப்பு. ஓய்வு பெற்றதும் சாவியை ஒப்படைக்கவேண்டிய குவார்ட்டர்சில் பிள்ளைகளை வளர்க்கும் எனக்கு இவ்விதியைக் கேட்டபோது உள்ளம் சற்று நிறைந்தது என்பதை மறைப்பானேன்?

நான்கு வகைத் தாவரம்

பந்தலோடு மற்றொரு கடமையும் உண்டு. விரியாத பேரீச்சங் குருத்து ஒன்று, மிர்ட்டில் என்னும் நறுமணச் செடியின் கிளை மூன்று, ஆற்றலரிக் கிளை இரண்டு ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டி வலக்கையில் ஏந்துவர். இடக்கையில் எத்ரோக் என்னும் கனி இருக்கும். நம் நாரத்தையின் இனம் அது. மராத்தியர் மஹாளுங்க் என்பர். வாழ்த்துச் சொல்லி, கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு, மேல், கீழ் என ஆறு திசையிலும் அசைப்பர். கனியில் வடுவோ புள்ளியோ இருக்கலாகாது. ஓய்வுநாளாகிய சனிக்கிழமையில் மட்டும் இவற்றை எடுப்பதில்லை.

இந்நான்கிற்கும் அவர்தம் முன்னோர் கூறும் பொருள் நம் போன்ற சங்கத்தார் கேட்கத்தக்கது. எத்ரோக்கிற்குச் சுவையும் உண்டு, மணமும் உண்டு. பேரீச்சைக்குச் சுவை உண்டு, மணம் இல்லை. மிர்ட்டிலுக்கு மணம் உண்டு, சுவை இல்லை. ஆற்றலரிக்கு இரண்டும் இல்லை. சுவை கல்வியைக் குறிக்கும். மணம் நற்செயலைக் குறிக்கும். மக்களிலும் இந்நான்கு வகையினர் உளர். இரண்டும் அற்றவரைத் தள்ளிவிடாமல் நால்வரையும் ஒன்றாகக் கட்டவேண்டும்; ஒருவர் குறையை மற்றவர் நிரப்புவர். ஆற்றலரி இல்லாத கட்டுச் செல்லாது என்பதை இங்கே நினைக்கவேண்டும்.

பந்தல் இரவலாகலாம், ஆனால் முதல் நாளில் இக்கட்டு இரவலாகக் கூடாது. ஏந்துபவருக்கே உரியதாக இருக்கவேண்டும். ஆசான்கள் நால்வர் கப்பலில் சென்றபோது கமாலியேல் ஒருவரிடமே, ஆயிரம் வெள்ளிக் காசு கொடுத்து வாங்கிய கட்டு இருந்தது. அவர் தம் கடமையை முடித்துவிட்டு அதனை அடுத்தவருக்குக் கொடையாகவே கொடுத்தார். அவரும் தம் கடமையை முடித்து அதற்கடுத்தவருக்குக் கொடையளித்தார். இவ்வாறு நால்வர் கைக்கும் உரியதாகி, இறுதியில் கமாலியேலிடமே திரும்பியது. தாணேயிலும் ஒரே கட்டுப் பலர் கைமாறியதைக் கண்டேன். ஒவ்வொருவரும் அதனைத் தம்முடையதாகவே ஏந்தி நின்றனர்.

ஏழாம் நாள் கட்டை ஏந்தித் தொழுகை மேடையை ஏழுமுறை வலம் வருவர். ஆற்றலரிக் கிளையைத் தரையில் அடிப்பர். எட்டாம் நாள் மழைக்கான வேண்டுதல் தொடங்கும். எருசலேம் ஆலயம் நின்ற காலத்தில் சீலோவாம் குளத்து நீரை முகந்து வந்து பலிபீடத்தில் ஊற்றினர் என்றும், குருமாரின் பழைய ஆடைகளைத் திரியாக்கி விளக்கேற்றினர் என்றும் நூல்கள் கூறும். இஸ்ரேலில் அக்டோபருக்குப் பின்னரே மழை வரும். இங்கோ அப்போதுதான் மழை ஓய்ந்திருக்கிறது! கொங்கணத்து முற்றத்தில் நின்றுகொண்டு, கடல் கடந்த ஒரு நிலத்தின் பருவத்திற்காக வேண்டுகிறார்கள் இவர்கள்.

கூடுதலாக ஒரு நாள்

விழாவின் முதல் நாள் பெருநாள். அன்று தொழில் செய்யலாகாது. இஸ்ரேலில் இவ்வாறு ஒரு நாள். ஆனால் அந்நாட்டிற்கு வெளியே வாழும் யூதர்க்கு இரண்டு நாள். இறுதியிலும் அவ்வாறே, அங்கு எட்டாம் நாளில் முடிவது, வெளிநாட்டில் ஒன்பதாம் நாள் வரை நீளும். காரணம் கேட்டேன். பண்டைக் காலத்தில் பிறை கண்ட செய்தியைத் தூதுவர் எருசலேமிலிருந்து கொண்டுவருவர். தொலைவில் உள்ள ஊர்களுக்குச் செய்தி எட்டாது. மாதம் பிறந்த நாள் இதுவோ அதுவோ என்னும் ஐயத்தால் இரண்டு நாளும் கொண்டாடினர். பின்னர்ப் பஞ்சாங்கம் கணிக்கப்பட்டு ஐயம் நீங்கிய பிறகும், முன்னோர் வழக்கை விடாதீர் என்று கட்டளை வந்தது. இன்றளவும் தொலைவில் இருப்போர்க்கு ஒரு நாள் கூடுதல்.

காகாவின் மகன் இஸ்ரேலில் அஷ்தோத் நகரில் இருக்கிறார். பேரன்மார் மராத்தியைக் கேட்டால் புரிந்துகொள்வர், பேசமாட்டார். “ஒன்பதாம் நாள் காலையில் நான் இங்கே ஆகமச் சுருளோடு வலம் வந்துகொண்டிருப்பேன். அங்கே அவன் உணவுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டிருப்பான். ஒரே வீட்டுப் பிள்ளைகள்தாம், திருநாள் மட்டும் இரண்டாகிவிட்டது” என்றார்.

“தாங்களும் அங்கே சென்றுவிடலாமே, காகா?” என்று கேட்டேன்.

அவர் உடனே விடை சொல்லவில்லை. முற்றத்தில் இருந்த ஆடவர்களைக் கண்ணால் எண்ணினார். பொதுத் தொழுகைக்கு வயது வந்த ஆடவர் பத்துப் பேர் வேண்டும். ஒன்பது பேர் கூடினால் சில பகுதிகளைச் சொல்லவே இயலாது. “நான் போய்விட்டால், பத்தாமவனுக்காகக் காத்திருப்பவர்கள் என்ன செய்வார்கள், தம்பி?” என்றார்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அன்று பதினான்கு பேர் இருந்தனர். அவர் முகத்தில் நிறைவு தெரிந்தது.

நாம் எண்ணவேண்டியது

ஒன்பதாம் நாள் ஆகமத்தின் மகிழ்ச்சி நாள். ஆண்டு முழுவதும் வாரந்தோறும் படித்துவந்த ஐந்து ஆகமங்களின் இறுதிப் பகுதியை அன்று படித்து முடிப்பர். முடித்த உடனே, இடைவெளி விடாமல், தொடக்கத்து முதல் அதிகாரத்தைப் படிப்பர். படிப்பு ஒருநாளும் முடிந்ததாக இருக்கலாகாது என்பது நோக்கம்.

பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு வந்தவர்கள் நாம். நம்மிற் சிலர் சொந்த வீடு கட்டிவிட்டனர். பலர் வாடகை வீட்டில் இருக்கிறோம். வந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில் நமக்கு ஒரு கூச்சம் உண்டு. தகரப் பெட்டியுடன் தாதர் நிலையத்தில் இறங்கியதையும், ஒற்றை அறையில் எட்டுப் பேர் முறைவைத்து உறங்கியதையும் மறந்துவிடவே விரும்புகிறோம். இம்மக்களோ அந்த அல்லலுக்கு ஆண்டில் ஏழு நாளை ஒதுக்கி, அதனையே திருவிழாவாக ஆக்கி வைத்திருக்கிறார்கள். குழந்தை உணரவேண்டும் என்பதற்காக அதன் தலைக்கு மேல் ஓலையைப் பரப்பி, இடைவெளியில் விண்மீனைக் காட்டுகிறார்கள். வாயால் மட்டும் சொன்னால் குழந்தை மறந்துவிடும். ஏழு நாள் அதன் கீழ் அமர்ந்து உண்டால் மறக்காது.

நம் சங்கப் பொங்கல் விழாவிற்குப் பந்தல் போடும் வேலையை முழுவதும் ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடும் வழக்கம் வந்துவிட்டது. ஒரு மூலையிலாவது நம் பிள்ளைகள் தம் கையால் நான்கு கழி நட்டுக் கீற்றுப் பரப்பட்டும் என்று செயற்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். அதன் கீழ் மூத்தவர் ஒருவர் அமர்ந்து, தாம் இந்நகருக்கு வந்த நாளைப் பற்றிப் பேசட்டும்.

விழாவைக் காண விரும்பும் அன்பர்களுக்கு ஒரு சொல். 2008 நவம்பரில் நாரிமன் இல்லத்தில் நிகழ்ந்த படுகொலைக்குப் பின்னர் யூதர் கூடங்களில் காவல் உண்டு. ஆதலின் முன்னரே நிர்வாகிகளிடம் இசைவு பெற்று, அடையாள அட்டையுடன் செல்லுதல் வேண்டும். ஆடவர் தலையை மூடிக்கொள்ளவேண்டும். ஓய்வுநாளிலும் பெருநாளிலும் படம் எடுக்கலாகாது. இடைப்பட்ட நாட்களில் செல்வதே நன்று. குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். தொங்கும் கனியைப் பறிக்க வேண்டாமென்று மட்டும் வீட்டிலேயே சொல்லிவையுங்கள்.